கரம்பொன் தந்த வி. நவரத்தினம்: அடையாள அட்டைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்

தீவகத்தின் கரம்பொன் என்றதும் பலருக்கும் நினைவில் வருபவர் தனிநாயகம் அடிகளார். அதே ஊரைச் சேர்ந்த ஊர்காவற்றுறைத் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வி. நவரத்தினத்தை எங்கள் இளையவர்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள்.

1910 ஒக்டோபர் 18இல் பிறந்த நவரத்தினம் ஒரு சட்டத்தரணி. 1949 டிசம்பரில் தந்தை செல்வா தலைமையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி உருவானபோது அதன் நிறுவுநர்களில் ஒருவராக இருந்தார். 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டா - செல்வா ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தைகளிலும் அவருக்குப் பங்குண்டு. அந்த ஒப்பந்தம் ஓராண்டுகூட நிலைக்காமல் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது.

ஊர்காவற்றுறை உறுப்பினர் வி. ஏ. கந்தையாவின் மறைவை அடுத்து 1963இல் நடந்த இடைத்தேர்தலில் நவரத்தினம் வெற்றிபெற்றார். 1965இலும் மக்கள் அவரையே தெரிவுசெய்தனர். அப்போது டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சி பங்காளியாக இருந்தது. 1968இல் ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டமூலம் வந்தபோது நவரத்தினம் கட்சியுடன் முரண்பட்டு அதை எதிர்த்தார். விளைவு, தானே சேர்ந்து கட்டிய கட்சியிலிருந்து விலக்கப்பட்டார்.

அந்த எதிர்ப்பின் கனத்தை உணர அக்காலச் சூழலை நினைக்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்திருந்தது. அத்தகைய நாட்டில் ஆட்களைப் பதிந்து அட்டை வழங்குவது வெறும் நிர்வாக வேலையாக இருக்க முடியாது.

அந்தச் சட்டத்தின் வழியே வந்ததுதான் தேசிய அடையாள அட்டை. வடக்கு கிழக்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் சிங்களமும் தமிழும் இருந்தன. ஏனைய மாகாணங்களில் நெடுங்காலம் சிங்களம் மட்டுமே இருந்தது. வாய் திறக்கும் முன்பே நாங்கள் யார் என்பதை அட்டை சொல்லிவிடும். பிறந்த இடமும் அதில் இருக்கும். சோதனைச்சாவடி வரிசைகளில் அதை நீட்டியபடி நெஞ்சு படபடக்க நின்றவர்களில் நானும் ஒருவன். இதை வாசிக்கும் பலரும் அப்படி நின்றிருப்பீர்கள்.

கட்சியை விட்டு வெளியேறிய நவரத்தினம் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். சமஷ்டிக் கோரிக்கைக்கு அப்பால், தமிழர் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்றார். 1970 தேர்தலில் ஊர்காவற்றுறை மக்கள் அவரை ஏற்கவில்லை. தமிழரசுக் கட்சியின் கா. பொ. இரத்தினம் வென்றார். ஆனால் ஆறே ஆண்டுகளில், 1976 மே 14இல், வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அவரைத் தோற்கடித்த கட்சியும் அந்தக் கூட்டணியில் இருந்தது.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. அவருடைய கழகம் மக்கள் இயக்கமாக வேரூன்றவில்லை. தனித்து நின்றதால் அவர் குரல் நாடாளுமன்றத்துக்கு வெளியே போய்விட்டது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் ஆளும் தரப்புடன் கட்சி கைகோத்திருந்த நேரத்தில், பதவியைப் பாராமல் மாறுபட்டு நின்ற துணிவை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

2006 டிசம்பர் 22இல் அவர் கனடாவில் காலமானார். அப்போது ஏ9 பாதை மூடப்பட்டு, யாழ். குடாநாடு தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருந்தது. 1990, 1991 இடப்பெயர்வுகளில் வெறிச்சோடிய தீவகக் கிராமங்களில் பல வீடுகள் இன்னும் கூரையின்றி நிற்கின்றன. வாக்குக் கேட்டு அந்த ஒழுங்கைகளுக்கு வருவோரிடம், கட்சி சொல்வதற்கும் மக்களின் நலனுக்கும் இடையே முரண் வந்தால் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று நாங்கள் கேட்டாக வேண்டும்.