மஸ்கிரேவ் மாளிகையில் போர்: ஒரு ஹோம்ஸ் படத்தின் மறுவாசிப்பு

யுனிவர்சல் நிறுவனம் 1942 முதல் 1946 வரை பேசில் ராத்போனை வைத்து எடுத்த 12 ஷெர்லாக் ஹோம்ஸ் படங்களை இரண்டாக வகுப்பது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. ஹோம்ஸ் நாஜிகளோடு மோதும் முதல் மூன்றும் போர்ப் பிரசாரம். 1943 செப்டம்பரில் வெளிவந்த ‘ஷெர்லாக் ஹோம்ஸ் ஃபேசஸ் டெத்’ முதல் தொடர் தூய துப்பறிதலுக்குத் திரும்பிவிட்டது என்பார்கள். இந்த நான்காம் படமும் போர்ப்படமே என்பது என் வாதம்.

இதில் ஒற்றர்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கொலைகள் நடக்கும் நார்தம்பர்லாந்து மாளிகை, போரில் மனம் கலங்கிய ராணுவ அதிகாரிகள் தேறிவரும் இல்லம். அதன் பொறுப்பு மருத்துவர் வாட்சன். மைவாண்ட் போரில் குண்டடி பட்டவராகக் கோனன் டாயில் படைத்த அதே வாட்சன். இது வெறும் பின்னணி என்று ஒருவர் சொல்லக்கூடும். படத்தின் முடிவை அப்படித் தள்ளிவிட முடியாது.

மூலமான ‘மஸ்கிரேவ் ரிச்சுவல்’ 1893இல் வெளியான கதை. அதில் குடும்பத்தின் பரம்பரை வாசகம் ஓக் மரத்தையும் எல்ம் மர நிழலையும் கொண்டு அளந்து செல்ல வழிகாட்டுகிறது. முடிவில் கிடைப்பது முதலாம் சார்லஸின் மணிமுடி. சட்டச் சிக்கலைத் தாண்டி, பெருந்தொகை செலுத்தியபின், அது குடும்பத்திடமே தங்குகிறது. திரைக்கதையாசிரியர் பெர்ட்ரம் மில்ஹவுசர் வாசகத்தையும் புதையலையும் மாற்றிவிடுகிறார். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பதித்த கூடத்தில் ஹோம்ஸ் அங்குள்ளவர்களையே சதுரங்கக் காய்களாக நிறுத்தி, வாசகம் சொல்லும்படி நகர்த்துகிறார். அந்த ஆட்டம் காட்டும் நிலவறையில் கிடைப்பதோ பழைய அரச நிலக்கொடை ஆவணம். அது செல்லுபடியானால் சுற்றுவட்டாரமே குடும்ப வாரிசான சாலி மஸ்கிரேவுக்குச் சொந்தம். அந்த மண்ணை நம்பி வாழ்பவர்கள் நிர்க்கதியாவார்கள். கொலைகளுக்குக் காரணமும் அந்த நிலமே. சாலி ஆவணத்தை அழித்துவிடுகிறாள். திரும்பும் வழியில் காரில் ஹோம்ஸ் வாட்சனிடம், பேராசையின் காலம் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை எண்ணத் தொடங்கியிருக்கிறோம் என்ற பொருளில் பேசுகிறார்.

பிரிட்டனில் போருக்குப் பிந்தைய சமூகநலத் திட்டத்தை முன்வைத்த பெவரிஜ் அறிக்கை வெளியானது 1942 டிசம்பரில். ஹாலிவுட்டில் எழுதப்பட்ட இப்படத்துக்கு அதுவே தூண்டுதல் என்று நான் சொல்லவில்லை. போர் முடிந்தபின் யாருக்கு எது சேர வேண்டும் என்ற கேள்வி இரண்டிலும் இருக்கிறது என்ற அளவில் நிற்கிறேன்.

அந்தக் கடைசிப் பேச்சு அக்காலப் படங்களில் ஒட்டவைக்கும் வழக்கமான உபதேசம்தான் என்ற மறுப்பில் வலுவில்லை. தொடரின் முதல் படம் முடியும்போது ஹோம்ஸ் பேசும் கீழைக்காற்று வசனம் 1917இல் கோனன் டாயில் எழுதிய கதையிலிருந்தே எடுத்தது. இங்குள்ள பேச்சுக்கோ மூலக்கதையில் வித்தே இல்லை. புதையலை மாற்றி, அதையே கொலைக்குக் காரணமாக்கி, வாரிசின் கையாலேயே அழிக்கச் செய்த பிறகுதான் அது வருகிறது. உபதேசம் மட்டுமே தேவையென்றால் மணிமுடியை மாற்றியிருக்க வேண்டியதில்லை.

‘தூய’ துப்பறியும் படங்களின் வரிசையில் வைக்கப்படும் ‘ஸ்கார்லெட் க்ளா’வும் (1944) கனடாவைப் பற்றிய சர்ச்சிலின் சொற்களை ஹோம்ஸ் எடுத்துரைப்பதோடுதான் முடிகிறது. அந்த வரிசையின் மற்ற படங்களையும் இந்தக் கண்ணோடு மீண்டும் பார்க்க வேண்டும்.