பரங்கிமலைச் சங்கிலியும் லாசாவின் ஜபமாலையும்

டில்லியிலிருந்து ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள் நாக்பூர் தாண்டியதும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பது வழக்கம். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஹிங்கன்காட் என்று ஒரு ஸ்டேஷன் வரும். இந்திய நிலத்தை விஞ்ஞான முறையில் அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் 1823இல் காலமானது அந்த ஊரில்தான். அவர் வேலையை ஆரம்பித்த இடம் எது தெரியுமா? நம்ம பரங்கிமலை!

1802 ஏப்ரல் 10ஆம் தேதி மலையடிவாரத்துச் சமவெளியில் சங்கிலி போட்டு, சுமார் ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அது முடிய 57 நாள் ஆயிற்று. அந்த ஒரு கோட்டை அடித்தளமாக வைத்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த வேலைதான் மாபெரும் முக்கோண நில அளவை. உயரமான இடங்களில் தியோடலைட் என்னும் கோணமானியை ஏற்ற வேண்டும். மலை இல்லாத இடத்தில் கோபுரம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் அரை டன் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அது கோபுரத்தில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் மனம் தளராமல் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே அதைச் செப்பனிட்டாராம்.

அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த வேலையை டேராடூன் வரை கொண்டுபோய் 1841இல் முடித்தார். அதற்கப்புறம் இமயமலை. சிகரங்களைத் தூரத்திலிருந்தே அளந்துவிடலாம். உலகத்திலேயே உயரமான சிகரம் எது என்பதை 1852இல் ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டே சொன்னார். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம்? லாசா நகரம் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது? திபெத்தில் ஓடும் சாங்போதான் நம் பிரம்மபுத்திராவா? தேசப்படத்தில் அந்தப் பகுதி வெறும் வெள்ளைக் காகிதம். திபெத் ஐரோப்பியரை உள்ளே விடவில்லை. மலைகளைத் தாண்டி காஷ்கர் வரை போன ஜெர்மானிய ஆய்வாளர் அடால்ஃப் ஷ்லாகின்ட்வைட் 1857இல் அங்கே தலை வெட்டப்பட்டார்.

அப்போது கேப்டன் மான்ட்கோமரி என்ற அதிகாரிக்கு ஒரு யோசனை. எல்லையோர மக்கள் வியாபாரத்துக்காகத் திபெத்துக்குப் போய் வருகிறார்களே, அவர்களுக்கே அளக்கச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

1863இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் குமாவுனில் மிலம் என்ற மலைக்கிராமத்தைச் சேர்ந்த நயின் சிங் ராவத்தும், அவருடைய உறவினர் மாணி சிங்கும். நயின் சிங் 1830இல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். அதனால்தான் 'பண்டிட்' என்று பெயர். ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களிடம் முன்பே வேலை பார்த்தவர். ஆகவே இந்த வேலையில் உயிருக்கு என்ன ஆபத்து என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சம்பளம் மாதம் 20 ரூபாய்.

டேராடூனில் இரண்டு வருஷம் பயிற்சி. மேட்டிலும் பள்ளத்திலும் சமதரையிலும் ஒரே அளவாக அடி வைக்கப் பழக வேண்டும். ஏறத்தாழ 2,000 அடி வைத்தால் ஒரு மைல். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவதற்கு ஜபமாலை. வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக அதில் 100 மணிகள். ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி, அதாவது ஐந்து மைல். கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்புக் காகிதம். ஊன்றுகோலுக்குள் தெர்மாமீட்டர்; தண்ணீர் கொதிக்கும் சூட்டை வைத்து இடத்தின் உயரத்தைக் கணக்கிட அது. பெட்டியின் கள்ள அறையில் நட்சத்திரம் பார்க்கும் செக்ஸ்டன்ட். சோழிக்குள் பாதரசம்.

1865 ஜனவரியில் டேராடூனை விட்டுக் கிளம்பினார்கள். நேபாளம் வழியாகப் போனபோது திபெத் எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாணி சிங் பிரிந்து வேறு வழியே போனார். நயின் சிங் தனியாக, 'நான் பஷஹர் நாட்டு வியாபாரி' என்று சொல்லிக்கொண்டு மறுபடி முயன்று உள்ளே போய்விட்டார். பிறகு லடாக் வணிகர் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து நடந்தார். கையில் மாலையும் வாயில் முணுமுணுப்புமாக வருகிறவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை. ஜபம் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். அவர் பண்ணியதும் ஒருவகை ஜபம்தானே!

1866 ஜனவரி 10ஆம் தேதி லாசா. அங்கே மூன்று மாதத்துக்கு மேல் தங்கினார். காசு தீர்ந்தபோது வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். வாத்தியார் வேலை எங்கேயும் கைகொடுக்கும். அனுமதியில்லாமல் வந்த ஒருவருக்குத் தெருவில் சிரச்சேதம் நடந்ததையும் கண்ணால் பார்த்தார். இரவில் யாரும் பார்க்காதபோது நட்சத்திரங்களை அளந்தார். லாசாவின் அட்சரேகை 29 பாகை 39 நிமிடம் என்று அவர் போட்ட கணக்கு இன்றைய படங்களோடும் ஒத்துப்போகிறது. அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் டேராடூன் திரும்பினார். நடந்தது சுமார் 1,200 மைல். எண்ணியது ஏறத்தாழ 25 லட்சம் அடி.

இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாதையில் அவர் எழுதியதைச் சரிபார்க்க அப்போது ஆளே கிடையாது. பத்து நாள் எண்ணாமல் நடந்துவிட்டு மனசுக்குத் தோன்றியதை எழுதியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் எண்ணினார்.

அவர் செய்தது அத்தனையும் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. நம்பி இடம் கொடுத்தவர்களிடம் அவர் வேஷம் போட்டார். அளந்த கணக்கு வெள்ளைக்கார அரசுக்குப் போயிற்று. 1904இல் யங்ஹஸ்பண்டின் படை லாசாவுக்குள் நுழைந்தபோது அந்த நகரம் இருக்கும் இடம் புதிராக இல்லை. அந்த அரசும் நயின் சிங்கை வெகுகாலம் பெயர் சொல்லாமல் வெறும் 'பண்டிட்' என்றே அறிக்கைகளில் குறித்தது. மறுபடி போக வேண்டியவர் என்பதால் பாதுகாப்புக்காகத்தான் என்றாலும், நடந்தவர் யாரென்று உலகத்துக்குத் தெரியவில்லை. 1874-75இல் லே நகரத்திலிருந்து லாசா, தவாங் வழியாக அஸ்ஸாம் வரை நடந்து முடித்த பிறகு, 1877இல் லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. நம் தபால்துறை அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது 2004இல்தான்.

இதைப் படித்த ஆர்வத்தில் காலனிப் பூங்காவில் என் பேத்தியோடு அடி எண்ணி நடந்து பார்த்தேன். நானூறு வருவதற்குள் எதிரே வந்த நண்பர், "என்ன சார், சௌக்கியமா?" என்றார். எண்ணிக்கை போச்சு! "தாத்தா, மறுபடி முதல்லேருந்தா?" என்று குழந்தை கேட்டது. நீங்களும் ஒருநாள் முயன்று பாருங்கள். எத்தனை வரை வருகிறது என்று அடுத்த பொங்கல் விழாவில் சந்திக்கும்போது சொல்லுங்கள்.