டிராம் ஓடிய தெருவில் நமது பிள்ளைகளின் சைக்கிள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். நமது பிள்ளைகள் பாடசாலைக்குப் போய் வரும் விடயம் என்பதால் கடைசி வரை வாசித்தால் சந்தோஷம்.

2022இல் பெற்றோல் இல்லாத நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். நகரப் பாடசாலைகளை மூடினார்கள். பிறகு ஜூலைக் கடைசியில் கிழமைக்கு மூன்று நாள் என்று திறந்தார்கள். முதல் நாள் தரம் 9இல் வரவு இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டோம். பாதிப் பெயர்களுக்குப் பதில் இல்லை.

வந்தவர்கள் யார் என்று பார்த்தோம். நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள், வீட்டில் சைக்கிள் இருப்பவர்கள். அவ்வளவுதான். கெட்டிக்காரன், மெதுவாகப் படிப்பவன் என்று நாங்கள் வழமையாகப் பிரித்து வைத்திருந்த கணக்கெல்லாம் அன்று செல்லவில்லை.

வராதவர்களில் ஒரு மகன் மட்டக்குளிப் பக்கம். வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை. வேன் காசு கூடியதும் வேனை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் ஏற இடமில்லை. இன்றைக்கு வரவில்லை, நாளைக்கு வரவில்லை என்று போய், கடைசியில் அவன் வரவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினோம். சரிவரவில்லை. அவனுடைய மிச்சக் கதையைப் பின்னால் சொல்கிறோம்.

அவன் வீட்டிலிருந்து பாடசாலைக்குப் பத்துக் கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர் இல்லை. ஒரே நகரம். நகரத்துக்குள்ளேயே நாலைந்து கிலோமீட்டரைத் தாண்ட வழியில்லாமல் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பது எப்படி? இந்தக் கேள்விதான் எங்களைக் கொழும்பின் பழைய போக்குவரத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

■ 1899: தெருவில் மின்சார வண்டி

கொழும்பில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1899இல். நமது வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது. புஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயக் கம்பனி அதை நடத்தியது. இரண்டு பாதைகள். ஒன்று கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு. மற்றது கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொரளைக்கு.

இந்த இரண்டு பாதைகளும் எந்த மக்கள் மத்தியில் ஓடின என்று யோசித்துப் பாருங்கள். துறைமுகத் தொழிலாளி, புறக்கோட்டைக் கடைச் சிப்பந்தி, தையல்காரர், அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர், சின்ன வியாபாரி. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் எல்லாரும் ஒரே பலகையில் உட்கார்ந்து போனார்கள். பக்கங்கள் திறந்த வண்டி. கொண்டக்டர் வெளிப்பக்கப் படியில் நடந்து நடந்து டிக்கட் கொடுப்பார். அதுவரை பணக்காரருக்குக் குதிரை வண்டி, கொஞ்சம் காசு உள்ளவருக்கு மனிதன் இழுக்கும் ரிக்ஷா, மற்றவருக்கு இரண்டு கால். டிராம் வந்த பிறகுதான் சாதாரண ஆளும் உட்கார்ந்து நகரத்தைக் கடக்க முடிந்தது.

மருதானையில் ஸாஹிராவுக்கு 1892இல் வாப்பிச்சி மரிக்கார் அத்திவாரம் போட்டார். அரபி பாஷா, சித்தி லெப்பை போன்றவர்களின் உழைப்பும் அதன் பின்னால் இருந்தது. ஏழு வருடத்தில் டிராம் மருதானைக்கு வந்தது. பாடசாலை கட்டுவது ஒரு வேலை. பிள்ளை அங்கே போய்ச் சேர வழி இருப்பது இன்னொரு வேலை. முதலாவதை நமது முன்னோர் செய்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

டிராமின் கதை இனிப்பான கதை மட்டும் இல்லை. 1929இல் டிராம் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கலவரம் மூண்டு மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. பொலிஸார் சுட்டதில் உயிர்கள் போயின. அந்த வருடமே முதலாளிமார் தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை செய்ய வேண்டி வந்தது. இந்த நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் அது ஒரு பெரிய திருப்பம். மருதானைச் சந்தியை நாம் எத்தனை தடவை கடந்து போயிருப்போம்! பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

■ ஒவ்வொன்றாகக் கைவிட்டது

1944இல் டிராம் சேவை மாநகர சபையின் கைக்கு வந்தது. ஆனால் அதற்குள் தெருவில் மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கியிருந்தன. வண்டிகளும் தண்டவாளமும் பழசாகியிருந்தன. 1960இல் டிராமுக்கு முடிவு வந்தது.

அதற்கு முன்பே, 1953இல், மாநகர சபை ட்ரொலி பஸ்ஸைக் கொண்டு வந்திருந்தது. மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு ரப்பர் டயரில் ஓடும் பஸ். தண்டவாளம் தேவையில்லை, புகையும் இல்லை. அதுவும் 1964இல் நின்றது. இன்று உலகம் மின்சார பஸ், மின்சார பஸ் என்று பேசுகிறது. கொழும்பில் அது பதினொரு வருடம் ஓடி நின்றுபோன சாமான்.

அடுத்தது பஸ். ஆரம்பத்தில் சின்னச் சின்ன முதலாளிமார் பஸ் ஓட்டினார்கள். ஒரே பாதையில் பலர். ஆள் நிரம்பும் வரை நிற்பது, பிறகு ஒருவரை ஒருவர் முந்த ஓடுவது. 1942இல் பாதைக்கு ஒரு கம்பனி என்ற முறையில் அனுமதிச் சட்டம் வந்தது. ஓட்டப்பந்தயம் குறைந்தாலும் பாதை முழுவதும் கம்பனிக்காரரின் கையில் போனது. லாபமில்லாத பாதையை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

1958 ஜனவரி 1ஆம் திகதி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்தக் கம்பனிகளை எல்லாம் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியது. நாம் சீ.டீ.பி. என்று சொல்லுவது அதைத்தான். லண்டனில் ஓடிய இரட்டைத் தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கி இங்கே ஓட்டினார்கள். மேல்தட்டில் முன் சீட்டைப் பிடிக்கச் சண்டை போட்ட கதையை நமது பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். ஆள் குறைவான ஊருக்கும் பஸ் போனது. மாணவனுக்கு சீசன் டிக்கட் கிடைத்தது. நமது பகுதியில் இன்று டொக்டர், எஞ்சினியர், ஆசிரியர் என்று இருக்கும் மூத்த தலைமுறையில் பலர் அந்த சீசன் டிக்கட்டில் படித்தவர்கள்தான்.

சபையில் குறையும் இருந்தது. கட்சிக்காரருக்கு வேலை கொடுக்கும் இடமாக அது மாறியது. நட்டம் கூடியது, உடைந்த பஸ்கள் டிப்போவில் குவிந்தன. 1979இல் தனியார் பஸ்களுக்கு மறுபடி கதவு திறந்தது. ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருக்கும் முதலாளிமார். அன்றைய வசூலில்தான் சாரதிக்கும் கொண்டக்டருக்கும் கூலி. ஆகவே 1942க்கு முன்னிருந்த அதே நிற்பதும் ஓடுவதும் திரும்ப வந்தது. சீசன் டிக்கட்டோடு நிற்கும் வெள்ளைச் சட்டைப் பிள்ளை அவர்களுக்கு வருமானம் இல்லாத ஆள். கை காட்டினாலும் நிறுத்தாமல் போவார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படி. ஆனால் விலை கொடுப்பது பிள்ளை.

கடைசியாக ஒன்று. 2019இல் ஜப்பானின் கடனுதவியில் மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் போட ஒப்பந்தம் கைச்சாத்தானது. பொரளை வழியாக வர வேண்டிய பாதை. 1899இல் டிராம் இணைத்த அதே பொரளையும் கோட்டையும். 2020 செப்டம்பரில் அதை ரத்துச் செய்தார்கள். இரண்டு வருடம் போவதற்குள் நாடே எரிபொருள் வரிசையில் நின்றது.

■ சைக்கிள் மட்டும் தங்கியது

இவ்வளவும் போன பிறகும் போகாமல் இருந்தது சைக்கிள். 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள்தான் இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் மூத்த வாப்பா. இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சில்லுக்குச் செயின். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். உலகத்தில் ரப்பருக்குத் தேவை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தி, 1876இல், நமது கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டிருந்தார்கள். அதாவது சைக்கிள் டயருக்கும் இந்த மண்ணுக்கும் பழைய சொந்தம் உண்டு.

நமது பெரியவர்கள் காலத்தில் சைக்கிளுக்குப் பெரிய மரியாதை. ரலி, ஹம்பர் என்று பெயர் சொல்லி வைத்திருப்பார்கள். வருடா வருடம் சபையில் காசு கட்டித் தகடு எடுக்க வேண்டும். இரவில் லைட் இல்லாவிட்டால், டபுள்ஸ் போனால் பொலிஸ் பிடிக்கும். பாண் வியாபாரி, மீன் வியாபாரி, தபால்காரர், லெப்பை, ஆசிரியர் எல்லாரும் சைக்கிளில்தான். பிறகு எப்போதோ சைக்கிள் என்றால் வசதியில்லாதவனின் வாகனம் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்குள் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்கிறோம். சைக்கிள் கேட்டால் "ரோட்டில் வாகனம் கூட, வேண்டாம் மகன்" என்கிறோம். மகள் கேட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைகள் கூட்டமாக சைக்கிளில் பாடசாலைக்குப் போவதை நாம் பார்த்ததில்லையா?

2022இல் சைக்கிளின் அருமை தெரிந்தது. விலை ஏறியது, கடையில் சாமான் இல்லை. பெற்றோல் வந்ததும் மறந்துவிட்டோம். அன்று வாங்கிய சைக்கிள்கள் இன்று எத்தனை வீட்டு மாடிப்படிக்குக் கீழே காற்றில்லாமல் கிடக்கின்றன?

இந்தத் தவறில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. ஒளிக்கத் தேவையில்லை. இடமில்லை என்று சொல்லி மாணவர்களின் சைக்கிளை கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னவர்கள் நாங்கள்தான். வெளியே நிறுத்தியதில் இரண்டு சைக்கிள் களவு போனது. அதன் பிறகு பிள்ளைகள் கொண்டு வருவதையே விட்டுவிட்டார்கள். உள்ளே எங்கள் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இடம் இருந்தது.

டிராமை நாம் திருப்பிக் கொண்டு வர முடியாது. இலகு ரயிலும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதைச் சொல்கிறோம்.

ஒன்று, பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் ஒரு கார் நிற்கும் இடத்தை சைக்கிளுக்கு ஒதுக்குவோம். ஒரு காரின் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். எங்கள் பக்கம் நாங்கள் கதைத்திருக்கிறோம், அடுத்த தவணைக்கு முன் செய்வதாக அதிபர் சொல்லியிருக்கிறார்.

இரண்டு, சும்மா கிடக்கும் சைக்கிளைத் தாருங்கள். கொப்பி, சப்பாத்து கொடுப்பது போல இதுவும் ஒரு கல்வி உதவிதான். திருத்தும் வேலையைப் பழைய மாணவர்கள் ஏற்கலாம்.

மூன்று, பாடசாலை விடும் நேரத்துக்கு "சிசு சரிய" பஸ் கேட்டுப் பெற்றோர் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கொடுப்போம். தனித்தனியாக வேன் பிடிக்கும் வரை நமது சத்தம் யாருக்கும் கேட்காது.

இனி அந்த மகனின் மிச்சக் கதை. போன மாதம் புறக்கோட்டையில் அவனைக் கண்டோம். ஒரு புடவைக் கடையில் வேலை. வளர்ந்திருந்தான். சைக்கிளின் பின்னால் துணிப் பொதி கட்டியிருந்தான். கடை முதலாளி வேலைக்கென்று கொடுத்த சைக்கிளாம்.

சலாம் சொல்லிவிட்டுச் சிரித்தான். "வீட்டுக்கும் இதில்தான் சேர் போய் வாறேன். மட்டக்குளிக்கு இருபத்தைந்து நிமிஷம்தான்" என்றான்.

இருபத்தைந்து நிமிடம். எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவனை முதலாளி ஒரு சைக்கிளில் கடைக்குக் கொண்டு வந்துவிட்டார். நம்மால் அதே சைக்கிளில் அவனை வகுப்புக்குக் கொண்டு வர முடியவில்லை.

டிராமில், இரட்டைத் தட்டு பஸ்ஸில் போன ஞாபகம் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள், சேர்த்து வைப்போம். சைக்கிள் தர விரும்புபவர்கள் எங்களோடு தொடர்புகொள்ளுங்கள்.