தக்கோலப் போரும் இல்லறத்தார் அறமும்

அம்மையார்குப்பத்திற்குத் தென்கிழக்கே, அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் கி.பி. 949இல் பெரும்போர் நிகழ்ந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் சோழ இளவரசன் இராசாதித்தனும் பொருதனர். கிருஷ்ணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், யானைமேலிருந்த இராசாதித்தனைக் கொன்றான் என்கிறது ஆதகூர்க் கல்வெட்டு. அக்கல்வெட்டை முதலில் படித்தோர் அதனை வஞ்சகக் கொலை எனக் கொண்டனர்; பின்வந்தோர், அம்பாரியையே களமாக்கிப் பொருது கொன்றான் எனத் திருத்தினர்.

கங்கர் சமணத்தைப் போற்றியவர். ஆயின் அகிம்சைக்கும் வாளுக்கும் இயைபு யாது? சமண ஆன்றோர் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர். இவற்றுள் கருதிச் செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். தற்காப்பில் நேரும் விரோத இம்சை அவர்க்குத் தவிர்க்கவொண்ணாதது. எனினும் அதுவும் வினையே. பிறர் மண்ணை விழைந்து செல்லும் படையெடுப்போ தற்காப்பாகாது. தொண்டை மண்டலத்தின்மேல் வந்த கிருஷ்ணன் படையும், அதற்குத் துணைநின்ற பூதுகன் வாளும் இவ்விதிக்குள் அடங்கா.

பரதனும் பாகுபலியும் எதிர்நின்றபோது, படைகள் மடியலாகாதென அமைச்சர் தடுத்து, இருவரை மட்டுமே பொருதச் செய்தனர் என்கிறது ஆதிபுராணம். வென்ற பாகுபலி நாட்டைத் துறந்தான். அவனுக்குச் சிரவணபெளகொளாவில் திருவுருவம் எடுத்தவர் கங்கரின் படைத்தலைவர் சாமுண்டராயரே. பூதுகன் மகன் மாரசிம்மனும் அரசு துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேனர் முன்னிலையில் சல்லேகனை நோற்று உயிர்நீத்தான்.

களத்தில் நின்ற வீரனின் துணிவைப் போற்றுதல் வேறு. அவனை அங்கே அனுப்பிய ஆசைக்கு அறம் எனப் பெயரிடுதல் வேறு.