பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்

‘பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர். கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியில் 2008 நவம்பர் 14 முதல் 2011 நவம்பர் 18 வரை மூன்று பருவங்களாக 65 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. வார்னர் பிரதர்ஸ் அனிமேஷன் தயாரித்தது. ஜேம்ஸ் டக்கரும் மைக்கேல் ஜெலெனிக்கும் உருவாக்கினார்கள். கோத்தம் நகரத்து இருட்டில் தனியாளாகத் திரியும் பேட்மேனை இந்தத் தொடர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வாரம் ஒரு கூட்டாளியோடு அவர் விண்வெளிக்கும் கடலடிக்கும் பழங்காலத்துக்கும் போய்ச் சண்டை போட்டார். ‘இது பேட்மேனே இல்லை’ என்று ரசிகர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். அந்தச் சண்டையை ஒதுக்கிவிட்டு இந்தத் தொடரைப் பற்றி எழுத முடியாது. தொடரே அதை எடுத்துக் கதையாக்கிக்கொண்டது.

மூலம்

தலைப்பு டிசி காமிக்ஸ் 1955இல் தொடங்கிய ஒரு படக்கதை இதழிலிருந்து வந்தது. முதலில் அதில் ரோமானிய வாள்வீரர்களும் குதிரைவீரர்களும்தான் நாயகர்கள். 1960இல் அதன் 28ஆம் இதழில் ‘ஜஸ்டிஸ் லீக்’ என்ற வீரர் கூட்டணி முதன்முறையாகத் தோன்றியது. அறுபதுகளின் பிற்பகுதியில் இதழ் பேட்மேனின் கைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு இதழிலும் அவர் வேறொரு வீரருடன் சேர்ந்து ஒரு வழக்கை முடிப்பார். 1983இல் 200ஆவது இதழோடு அது நின்றது.

தொடர் இந்தக் கூட்டணி முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. பெயர்ப் பலகை வருவதற்கு முன் சில நிமிடங்களுக்கு ஒரு குட்டி சாகசம் ஓடும். பெரும்பாலும் அதற்கும் முக்கியக் கதைக்கும் தொடர்பே இருக்காது. சதுரத் தாடையும் தடித்த கோடுகளும் கொண்ட உருவங்கள், நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் பேட்மேனை வரைந்த டிக் ஸ்ப்ராங்கின் பாணியைப் பின்பற்றியவை. குரல் கொடுத்தவர் நகைச்சுவை நடிகரான டீட்ரிக் பேடர். சுற்றிலும் என்ன கூத்து நடந்தாலும் அவருடைய பேட்மேன் சிரிக்கவே மாட்டார், அடித்தொண்டையில் நீதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். தொடரின் நகைச்சுவையில் பாதி அந்த இறுக்கத்திலிருந்துதான் பிறக்கிறது. மீதிப் பாதிக்குக் கடல் மன்னன் அக்வாமேன் பொறுப்பு. வழக்கமாகக் கேலிக்கு ஆளாகும் இந்த வீரரை, ஜான் டிமாஜியோவின் குரலில், தன் வீரப்பிரதாபங்களைத் தானே விடாமல் பாடும் தாடிக்கார மாமா போல ஆக்கினார்கள். தொடரை வெறுத்தவர்களுக்கும் இவரைப் பிடித்துப்போனது.

சண்டைக்குக் காரணம்

வெளிவந்த நேரம்தான் முதல் காரணம். கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட்’ 2008 ஜூலையில் திரைக்கு வந்து நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஜோக்கராக நடித்து, படம் வெளிவருமுன்பே இறந்துபோன ஹீத் லெட்ஜருக்கு மறு ஆண்டு ஆஸ்கர் கிடைத்தது. காமிக்ஸ் கதையைப் பெரியவர்கள் பெரிய விஷயமாகப் பேசத் தொடங்கிய அந்த வேளையில், நான்கே மாத இடைவெளியில், பாட்டும் கும்மாளமுமாக ஒரு பேட்மேன் வந்து நின்றார்.

அதற்கும் பின்னால் பழைய காயம் ஒன்று உண்டு. 1966 ஜனவரி முதல் 1968 மார்ச் வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் நடித்த தொடர் 120 அத்தியாயங்கள் ஓடியது. அடி விழும்போதெல்லாம் சத்தத்தின் எழுத்துகள் திரையில் பளிச்சிடும். ஊரே ரசித்தது. ஆனால் காமிக்ஸ் வாசகர்களுக்கு அது தலைகுனிவாகப் போயிற்று. படக்கதை என்றாலே சிறுபிள்ளைத்தனம் என்ற முத்திரை விழுந்தது. டென்னி ஓ’நீலும் நீல் ஆடம்ஸும் எழுபதுகளில் பேட்மேனை மீண்டும் இருட்டுக்குள் அழைத்துப் போனார்கள். 1986இல் ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’, 1989இல் டிம் பர்ட்டனின் படம், 1992இல் புரூஸ் டிம்மும் எரிக் ராடோம்ஸ்கியும் உருவாக்கிய, எம்மி விருது பெற்ற கார்ட்டூன் தொடர் என்று மரியாதை படிப்படியாக மீண்டது. நடுவில் 1997இன் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ படம் மறுபடி கோமாளித்தனத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. அடுத்த பேட்மேன் படத்துக்கு எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. சூடுபட்டவர்கள் 2008இல் பதறியதில் வியப்பில்லை.

அவர்களுடைய வாதம் எளிமையானது. கண்ணெதிரே பெற்றோரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த சிறுவன் அந்தத் துயரத்தால்தான் வௌவால் வேடம் போடுகிறான். துயரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் உடுப்பு. இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ‘மூலத்துக்குத் துரோகம்’ என்ற குற்றச்சாட்டு வரலாற்றின் முன் நிற்காது. பாப் கேனும் பில் ஃபிங்கரும் படைத்த பேட்மேன் 1939இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் தோன்றினார். ஓராண்டுக்குள், 1940இல், துள்ளிக் குதிக்கும் ராபின் வந்து சேர்ந்தான். முகமூடி அணிந்த நாய் 1955இல் வந்தது. பேட்மேனைப் போலவே உடுத்தி அவரையே சுற்றிச் சுற்றி வரும் பேட்-மைட் என்ற மாயக் குள்ளன் 1959இல் வந்தான். சிறுவர்களைக் கெடுப்பதாகக் காமிக்ஸ் மீது 1954இல் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அதன் விளைவாக வந்த தணிக்கை விதிகள் கதைகளை இன்னும் வெளுக்க வைத்தன. ஆக, கலகலப்பான பேட்மேன் முழுதாக ஒரு தலைமுறையை ஆண்டவர். இருண்டவர்தான் அசல் என்பது பெரும்பாலும் எழுபதுகளுக்குப் பிறகு உறுதிப்பட்ட நம்பிக்கை.

தொடர் சொன்ன பதில்

2009 மே மாதம் ஒளிபரப்பான ‘லெஜண்ட்ஸ் ஆஃப் தி டார்க் மைட்’ அத்தியாயத்தில் சண்டை திரைக்கே வந்தது. பேட்-மைட் இங்கே தீவிர ரசிகனின் மறு உருவம். தன் நாயகனை விருப்பப்படி உடை மாற்ற வைத்து, பிடித்த வில்லன்களோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறான். இடையில் கதை ஒரு காமிக்ஸ் மாநாட்டுக்குத் தாவுகிறது. இந்த பேட்மேன் உண்மையானவர் இல்லை என்று ஒரு ரசிகர் எழுந்து முறையிடுகிறார். பேட்-மைட் ஒரு தாளைப் பார்த்துப் பதில் வாசிக்கிறான்: பேட்மேனுக்குப் பல முகங்கள் உண்டு, கலகலப்பான முகமும் அவருடைய வேருக்கு உண்மையானதே என்பது சாரம். எழுதியவர் பால் டினி. குறை சொன்னவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய 1992 தொடரின் முக்கிய எழுத்தாளர் அவரே. மாநாட்டுக் கூட்டத்தில் அவரும் புரூஸ் டிம்மும் ஹார்லி குவின், ஜோக்கர் வேடங்களில் கார்ட்டூனாக உட்கார்ந்திருக்கிறார்கள். குறும்பு என்றால் இதுதான்.

அடுத்த ஆண்டு வந்த ‘சில் ஆஃப் தி நைட்’ இன்னும் வலுவான பதில். பெற்றோரைக் கொன்றவனை பேட்மேன் கண்டுபிடிக்கும் இந்தக் கதையில் சிரிப்புக்கு இடமே இல்லை. தந்தை தாமஸ் வேய்னுக்குக் குரல் ஆடம் வெஸ்ட், தாய்க்குக் குரல் அறுபதுகளில் கேட்வுமனாக நடித்த ஜூலி நியூமார். 1992 தொடரில் பேட்மேனாகப் பேசிய கெவின் கான்ராயும் ஜோக்கராகப் பேசிய மார்க் ஹாமிலும், பேட்மேனின் ஆன்மாவுக்காகப் பந்தயம் கட்டும் இரு மாய சக்திகளாக வருகிறார்கள். இருண்ட பரம்பரையும் கலகலப்பான பரம்பரையும் ஒரே அரை மணி நேரத்தில் ஒன்றாக நின்றன. டூம் பேட்ரோல் என்ற வீரர் குழுவினர் முன்பின் தெரியாத சிலருக்காக உயிரைக் கொடுக்கும் ‘தி லாஸ்ட் பேட்ரோல்’ அத்தியாயத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடருக்குத் துயரம் தெரியாது என்று சொன்னவர்கள் இவற்றைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. முகமூடி கழற்றிய புரூஸ் வேய்னைக் காண்பதே அரிது. அதனால் அந்த மனிதர் மூன்று பருவங்களிலும் பெரிதாக மாறுவதில்லை. சில அத்தியாயங்கள் விருந்தினர் அணிவகுப்பாகவே முடிந்துவிடுகின்றன. காமிக்ஸின் பழைய மூலைகள் தெரியாதவருக்குச் சில நகைச்சுவைகள் எட்டாது.

நம் பக்கத்தில்

சிவகாசியின் லயன் காமிக்ஸ் குழும இதழ்கள் வழியாக பேட்மேன் தமிழ் பேசி நெடுங்காலமாகிறது. கோபக்கார நாயகனைக் குழந்தைகளுக்காகச் சுருக்குவதும் நமக்குப் புதிதில்லை. 2010இல் ஹரி இயக்கத்தில் சூர்யா நடித்த ‘சிங்கம்’ இந்திக்குப் போய் ‘சிங்கம்’ ஆகவே உறுமியது. அந்த இந்திப் படத்தின் வழியில் 2018இல் டிஸ்கவரி கிட்ஸில் ‘லிட்டில் சிங்கம்’ என்ற கார்ட்டூன் பிறந்தது.

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்ற வழக்கு அதைவிட மிகப் பழையது. ஸ்ரீரங்கம் அரங்கன் கோயிலில் தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் ராமாயணம் அரங்கேற்றிய மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்ததற்கு அங்கே கூடியிருந்த பண்டிதர்கள் தடை சொன்னதாகவும், அருகிலிருக்கும் நரசிம்மரான மேட்டழகியசிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டதாகவும் கோயில் மரபு. பேட்மேன் ரசிகர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல அப்படி ஒரு சிங்கர் வாய்க்கவில்லை. ஆளுக்கொரு தீர்ப்பை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

முடிவும் பின்னும்

கடைசி அத்தியாயமான ‘மைட்ஃபால்’ சண்டையை மறுபடி கையில் எடுத்தது. தொடர் சலித்துப்போன பேட்-மைட், இதை நிறுத்தினால் இருண்ட தொடர் ஒன்று வரும் என்று கணக்குப் போட்டு, கதையை வேண்டுமென்றே கெடுக்கிறான். திட்டம் பலிக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட இருண்ட தொடரில் தன்னைப் போன்ற கோமாளிக் குள்ளனுக்கு இடமில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. அங்கேயே மறைந்துபோகிறான்.

நிஜத்திலும் கிட்டத்தட்ட அதுவே நடந்தது. 2013இல் கார்ட்டூன் நெட்வொர்க் ‘பிவேர் தி பேட்மேன்’ என்ற இறுக்கமான தொடரைக் கொண்டுவந்தது. அது 26 அத்தியாயங்களோடு நின்றது. கலகலப்பான பேட்மேனோ 2017இன் ‘தி லெகோ பேட்மேன் மூவி’ படத்தில் வேறு வடிவத்தில் வந்தார். 2018இல் ஸ்கூபி-டூவுடன் சேர்ந்து ஒரு முழுநீளக் கார்ட்டூன் படத்தில் பேடரின் குரலிலேயே திரும்பினார். 2019இல் தொடங்கிய, பெரியவர்களுக்கான ‘ஹார்லி குவின்’ தொடரிலும் பேட்மேனுக்கு அதே குரல்தான். 2023 ஜனவரியில் டிசி ஸ்டூடியோஸ் அறிவித்த புதிய பேட்மேன் திரைப்படத்துக்கும் ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ என்றே பெயர் வைத்தார்கள்.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் முதல் அத்தியாயத்தில் தொடங்க வேண்டியதில்லை. நீல் பேட்ரிக் ஹாரிஸ் பாடும் வில்லனாக வரும் ‘மேஹெம் ஆஃப் தி மியூசிக் மீஸ்டர்’ அத்தியாயத்தையும் ‘சில் ஆஃப் தி நைட்’ அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானதல்ல.