போல்கெரி செந்நிற ஒயினும் இத்தாலியத் தரப்பெயர்ச் சட்டமும்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் திரேனியக் கடலை ஒட்டிய போல்கெரி, நெடுங்காலம் ஒயினுக்குப் பெயர்பெற்ற நிலமன்று. மாரெம்மா எனப்படும் அக்கடலோரம் சதுப்புநிலத்தாலும் மலேரியாவாலுமே அறியப்பட்டிருந்தது. 1940களில் மாரியோ இன்சிசா தெல்லா ரொக்கெத்தா அங்குத் தம் பண்ணையில், பிரான்சின் போர்தோ பகுதிக்குரிய கபர்னே திராட்சை வகைகளைப் பயிரிட்டார். கற்கள் மிகுந்த அந்நிலத்தின் பெயரால் 'சாசிக்காயா' எனப்பட்ட கலப்பு ஒயின், முதலில் குடும்பப் பயன்பாட்டிற்கே உரியதாயிருந்தது. 1968ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்தே விற்பனைக்கு வந்தது.

1963ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம், அந்தந்த வட்டாரத்தில் நிலைபெற்ற திராட்சை வகைகளையும் தயாரிப்பு முறைகளையும் அடிப்படையாகக் கொண்டு தரப்பெயர் வழங்கியது. அவ்வரையறைக்குள் அடங்காத சாசிக்காயா, கடைநிலைப் பிரிவான 'மேசை ஒயின்' என்றே விற்கப்பட்டது. 1978இல் டிகேண்டர் இதழ் நடத்திய சுவைத்தேர்வில் முதலிடம் பெற்ற பின்னரும் அந்நிலை மாறவில்லை. 1983இல் போல்கெரி பெற்ற தரப்பெயரும் வெள்ளை, இளஞ்சிவப்பு ஒயின்களுக்கே பொருந்தியது. செந்நிற ஒயின் 1994இல்தான் சேர்க்கப்பட்டது. 2013இல் சாசிக்காயா தனித் தரப்பெயர் பெற்றது.

ஆகவே, அச்சட்டம் முதற்கண் அளந்தது சுவையை அன்று. மரபுக்கு இணங்கியமையையே எனலாம். இன்று சட்டம் காக்கும் போல்கெரி மரபோ, முன்னைய மரபை மீறிய முயற்சியின் விளைவாகும்.