கோல்ஃப் மைதானம் பார்த்த வீடு: அந்தப் பச்சை யாருடையது?



ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் பிரித்தால் முதல் பக்கமே ஒரு பில்டரின் விளம்பரமாக இருக்கிறது. அதில் "கோல்ஃப் வியூ" என்று இரண்டு சொல் இருந்தால் சதுர அடி விலை ஒரு படி ஏறிவிடும். பெங்களூரு பக்கம் அப்படி ஒரு இரண்டாவது வீடு வாங்கலாமா என்று நம் பிளாக்குகளிலேயே சிலர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் கோல்ஃப் மட்டையைக் கையில் தொடாதவர்களும் உண்டு. வாங்குவதும் விடுவதும் அவரவர் பையைப் பொறுத்த விஷயம். ஆனால் இந்த வகை வீட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஸ்காட்லாந்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஊர். அங்கே கடலோர மணல்வெளி ஊருக்கே பொது. ஆடு மேயும், துணி உலரும், கோல்ஃபும் நடக்கும். 1797-இல் கடனில் மூழ்கிய நகர மன்றம் அந்த நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்த்து விற்கும் வியாபாரிகளின் கைக்குப் போனது. முயல்கள் மைதானமெங்கும் வளை தோண்டின. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் முயல்காரர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் சண்டை. 1821-இல் கோல்ஃப் பிரியரான ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் வாங்கிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. 1894-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட, நிலம் மறுபடி நகரத்தின் வசம் வந்தது. இன்றும் அங்கே ஓல்ட் கோர்ஸில் ஞாயிறன்று பொதுவாக ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் நடந்து போகலாம். பச்சை யாருடையது என்ற கேள்வி, பாருங்கள், விளையாட்டின் தாய்வீட்டிலேயே எழுந்துவிட்டது.

மைதானத்தைச் சுற்றி வீடு கட்டி வாழும் பழக்கம் அழுத்தமாக வேரூன்றியது அமெரிக்காவில். அதற்கு நல்ல உதாரணம் வட கரோலினா மாநிலத்தின் பைன்ஹர்ஸ்ட். பாஸ்டனில் சோடா ஃபவுன்டன் இயந்திரம் விற்றுப் பணக்காரரான ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், 1895-இல் அங்கே 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். பைன் மரங்களை வெட்டித் தள்ளியபின் கிடந்த மணல்காடு அது. ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டாலர்தான் விலை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெடின் நிறுவனத்தாரைக் கொண்டு ஊருக்கு வரைபடம் போட்டார். அவருடைய எண்ணம் கோல்ஃபே அல்ல. குளிர்காலத்தில் நுரையீரல் நோயாளிகள் வந்து தேறும் ஊராக இருக்க வேண்டும் என்று நினைத்தார். காசநோய் தொற்றக்கூடியது என்பது உறுதியானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வந்த விருந்தினர்களோ பால்பண்ணை வயலில் சின்ன வெள்ளைப் பந்தை அடித்துப் பசுக்களை மிரட்டுகிறார்கள் என்று புகார் வந்ததாக ஊரில் கதை சொல்வார்கள். 1898-இல் ஒன்பது குழிகளோடு முதல் மைதானம் வந்தது.

1900-இல் ஸ்காட்லாந்தின் டோர்னாக் ஊரிலிருந்து வந்த டொனால்ட் ராஸை டஃப்ட்ஸ் வேலைக்கு அமர்த்தினார். ராஸ் அமைத்த "நம்பர் 2" மைதானம் 1907-இல் திறந்தது. அமெரிக்காவின் பெயர் பெற்ற மைதானங்களில் அது ஒன்று. 2024 ஜூனில்கூட யூ.எஸ். ஓபன் போட்டி அங்கேதான் நடந்தது. ராஸ் தன் வீட்டை அந்த மைதானத்தின் மூன்றாம் குழிக்குப் பின்னாலேயே கட்டிக்கொண்டார். 1948-இல் இறக்கும்வரை மைதானத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். "கோல்ஃப் வியூ" வீட்டை முழுமையாகப் பயன்படுத்தியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் ராஸைத்தான் சொல்வேன்.

இங்கே ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். "மைதானத்துப் பக்கத்திலேயே குடியிருந்தால் ஆட்டம் தானாக முன்னேறும்" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். பாதிதான் உண்மை. பைன்ஹர்ஸ்டில் 1910-களிலேயே, ஆட்டம் ஆடாமல் பந்தை மட்டும் அடித்துப் பழகுவதற்கென்று தனி இடம் ஒதுக்கினார்கள். "மேனியாக் ஹில்", அதாவது பித்தர் மேடு, என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் பழகுவதற்காக மட்டும் மணிக்கணக்கில் பந்து அடிப்பவர்கள் ஊராருக்குப் பைத்தியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டம் முன்னேறும் இடம் அதுதான். 72 அடியில் முடிக்க வேண்டிய 18 குழிகளில், குழிக்கு இரண்டு என்று 36 அடிகள் புல்தரையில் உருட்டும் "பட்" அடிகளுக்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டுப் பின்புறம் பட்டிங் பழகினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, லட்சக்கணக்கான அடிகளின் பதிவுகளை அலசிப் பார்த்தார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் நீண்ட அடிகளில் இருக்கிறது என்று கண்டார். ஆகவே உங்கள் நோக்கம் ஆட்டம்தான் என்றால், பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைவிட, பயிற்சி மேடு எங்கே, பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், உறுப்பினர் கட்டணம் தனியா என்று கேளுங்கள். வீட்டோடு மைதானம் தெரியும். உள்ளே இறங்கி ஆடும் உரிமை பெரும்பாலும் வேறு ரசீது.

ராஸ் காலத்தில் மைதானம்தான் மூலவர், வீடுகள் பரிவாரம். அந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் ஃப்ரேசர். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த இளைஞர். தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் அவருடைய குடும்பத்துக்கு மரம் வெட்டும் காடு இருந்தது. 1956-இல் தீவுக்குப் பாலம் வந்தது. உடனே "சீ பைன்ஸ்" என்ற குடியிருப்பைத் தொடங்கினார். கடலைப் பார்த்த மனைகள் விற்றுவிடும், உள்ளே இருக்கும் மனைகளை யார் வாங்குவார்கள்? இங்கேதான் கோல்ஃப் கைகொடுத்தது. யோசித்துப் பாருங்கள்: ஏரி என்றால் கரை அளவுக்குத்தான் வீடு. கோல்ஃப் மைதானமோ நாடாவைப் போல நீண்டு, வளைந்து, மடங்கிப் போகிறது. 150 ஏக்கர் பச்சையிலிருந்து மைல் கணக்கில் ஓரம் கிடைக்கிறது, அந்த ஓரத்தின் இருபுறமும் மனை போடலாம். சதுப்பும் புதருமான உள்நிலம் முதல் வகுப்பு மனையாகிவிடும். 1969-இல் பீட் டை, ஜாக் நிக்லாஸ் இருவரும் அமைத்த ஹார்பர் டவுன் மைதானம் அங்கே திறந்தது. அந்த ஆண்டே நடந்த போட்டியில் ஆர்னால்ட் பாமர் ஜெயித்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மனை வாங்க வந்தார்கள்.

ஃப்ரேசரின் உண்மையான கண்டுபிடிப்பு மைதானத்தில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. எந்த மரத்தை வெட்டக் கூடாது, வெளிச்சுவருக்கு என்ன நிறம், கூரை எப்படி என்று ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் நிபந்தனைகளை எழுதினார். முதல் ஆள் விற்றாலும் அடுத்த ஆளையும் அவை கட்டும். பால்கனியில் கிரில் போடலாமா, துணி உலர்த்தலாமா என்று நம் ஜெனரல் பாடியில் நடக்கும் வாக்குவாதத்துக்கு ஒன்றுவிட்ட தாத்தா அந்தப் பத்திரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பத்திரங்களில் இடம் பெறாதவர்களும் அங்கே இருந்தார்கள். அடிமை முறை ஒழிந்த காலத்திலிருந்து அந்தத் தீவில் விவசாயமும் மீன்பிடிப்பும் செய்து வாழ்ந்த கல்லா எனப்படும் கறுப்பின மக்கள். அவர்களுடைய முன்னோரின் இடுகாடுகளில் சில, கேட் போட்ட குடியிருப்புகளுக்கு உள்ளே சிக்கிக்கொண்டன. ஒன்று ஹார்பர் டவுன் மைதானத்தின் கடைசிக் குழிக்குப் பக்கத்திலேயே, அடுக்கு வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. தாத்தா பாட்டியின் கல்லறைக்குப் பூ வைக்க, வாசலில் செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கேட்டட் கம்யூனிட்டியின் வரலாற்றை எழுதும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

பத்திர நிபந்தனை வாங்கியவரைக் காப்பதுபோல, வாங்கியவர் கையைக் கட்டவும் செய்யும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிங்ஸ்டனில் ஒரு குடும்பம் 2017-இல் ஒரு மைதானத்தின் 15-ஆம் குழியை ஒட்டி வீடு வாங்கியது. சில ஆண்டுகளில் அவர்கள் பொறுக்கி எண்ணிய பந்துகள் 651. ஜன்னல்கள் உடைந்தன, குழந்தைகளை முற்றத்தில் விட முடியவில்லை. நடுவர் குழு 35 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2022 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியாயமான முறையில் ஆட்டம் நடக்கும்போது வந்து விழும் பந்துகளுக்கு அந்த மனைகள் இடம் கொடுக்க வேண்டும் என்று பழைய ஆவணத்திலேயே இருந்தது, அதை நடுவர்கள் கணக்கில் எடுக்கும்படி செய்யவில்லை என்பது காரணம். (வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: வலக்கை ஆட்டக்காரர்களில் கற்றுக்குட்டிகள் அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்புறம் வளைந்து போகும். அடிக்கும் இடத்திலிருந்து 200 கெஜம் தள்ளி வலது பக்கத்தில் வீடு என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.)

ஃப்ரேசரின் வழியை நாடெங்கும் காப்பியடித்தார்கள். பைன்ஹர்ஸ்ட்கூடத் தப்பவில்லை. டஃப்ட்ஸ் குடும்பம் 1970 முடிவில் அதை விற்றது. வாங்கிய நிறுவனத்தின் பின்னால் இருந்தவர், கப்பல் கன்டெய்னரை உலகுக்குக் கொண்டுவந்த மால்கம் மெக்லீன். மைதான ஓரங்களில் அடுக்கு வீடுகள் எழுந்தன, மனைகள் வேகமாக விற்றன, 1980-களின் தொடக்கத்தில் கடன் முற்றி வங்கிகள் கையில் போனது. 1988-இல் அமெரிக்காவின் தேசிய கோல்ஃப் அறக்கட்டளை, நாளுக்கு ஒரு மைதானம் என்ற வேகத்தில் கட்டினால்தான் தேவைக்குக் கட்டுப்படியாகும் என்று சொல்லிவிட்டது. பில்டர்களுக்கு அது போதும். ஆட வருகிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் பார்க்கவில்லை, மனை விற்றால் சரி. கடைசி மனை விற்றதும் மைதானத்தின் வேலை முடிந்தது. ஆனால் தண்ணீர், உரம், புல் வெட்டும் ஆட்கள் என்று மெயின்டனன்ஸ் செலவு மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தது. 2006-இலிருந்து அங்கே புதிதாகத் திறந்த மைதானங்களைவிட மூடியவை அதிகம்.

மூடினால் வீட்டுக்காரர் நிலை என்ன? இரண்டு வழக்குகளைப் பாருங்கள், இரண்டும் பாலைவன ஊர்கள்தான்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் அவாட்டுக்கி லேக்ஸ் என்ற சிறிய மைதானம் 2013-இல் மூடப்பட்டது. நிலத்தில் வீடு கட்டத் திட்டம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். நிலம் கோல்ஃபுக்கு மட்டுமே என்றும், சுற்றியுள்ள வீட்டுக்காரர்களில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால் ஒழிய மாற்ற முடியாது என்றும் பதிவான ஆவணம் இருந்தது. நஷ்டத்தில் நடக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. மைதானத்தைத் திரும்ப அமைக்க வேண்டும் என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019-இல் உறுதி செய்தது.

நெவாடாவின் லாஸ் வேகஸில் பேட்லேண்ட்ஸ் என்ற 250 ஏக்கர் மைதானம். சுற்றிலும் குவீன்ஸ்ரிட்ஜ் என்ற வசதியான குடியிருப்பு. 2015-இல் ஒரு பில்டர் மைதானத்தை வாங்கி, வீடுகள் கட்டப் புறப்பட்டார். "மைதானத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்தோம்" என்றார்கள் குடியிருந்தவர்கள். ஆனால் அவர்கள் கையெழுத்திட்ட ஆவணமே மைதானம் இந்தக் குடியிருப்பைச் சேர்ந்தது அல்ல என்று சொன்னது. வழக்கில் தோற்றார்கள். அவர்களுக்கு அனுசரணையாக நகராட்சி கட்டட அனுமதி மறுத்தபோது பில்டர் நகராட்சி மேல் வழக்குப் போட்டார். 35 ஏக்கர் துண்டு ஒன்றுக்கு மட்டும் 4.8 கோடி டாலர் இழப்பீடு என்பதை 2024 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது வரிப்பணம், அந்தக் குடியிருப்பாளர்கள் கட்டிய வரியும் அதில் சேரும்.

நம் நாட்டில் இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று குருகிராமின் டி.எல்.எஃப். மைதானம். ஆர்னால்ட் பாமர் வடிவமைப்பில் 1999-இல் திறந்தது, சுற்றிலும் அடுக்குமாடிகள். அதன்பின் பெங்களூருவுக்கும் மற்ற நகரங்களுக்கும் பரவிவிட்டது. இங்கே பெரிய திட்டங்களில் ஒரு பங்கு நிலத்தை ஓஎஸ்ஆர் என்று பில்டர் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கிறார். அதனால் வாசலில் இருக்கும் பூங்கா நம்முடையது போலவே தெரிந்தாலும் அசோசியேஷனுடையது அல்ல. கோல்ஃப் மைதானம் அந்த வகையும் இல்லை. பொதுவாக அது பில்டரின் கம்பெனியோ தனி கிளப்போ வைத்திருக்கும் சொத்து, உங்கள் யூடிஎஸ்ஸில் அதில் ஒரு சதுர அடிகூட வராது.

ஆகவே விசாரித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள், மாடல் ஃபிளாட்டைப் பார்க்கும் முன் விற்பனை ஒப்பந்தத்தின் வரைவை வாங்கிக்கொள்ளுங்கள். மைதானத்தின் சர்வே எண்கள் யார் பெயரில் இருக்கின்றன, அதை வேறு உபயோகத்துக்கு மாற்ற யாருடைய சம்மதம் வேண்டும் என்ற இரண்டையும் வக்கீலிடம் அடிக்கோடிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அது கடைசி இணைப்புகளில், பொடி எழுத்தில் இருக்கும்.